வீட்டுக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று – அறமாகுமா?

வேளாண்மை என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று பயிர்த்தொழில், மற்றையது பிறர்க்கு உதவுதல். திருக்குறளில் உழவு பற்றிய அதிகாரம் 104 ஆவதாக அமைந்துள்ளது. ஆயினும் வேளாண்மை என்னும் சொல்லைத் திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்திலே, வந்தவரை உபசரித்து உதவும் செயலைக் குறிக்கவே கையாண்டுள்ளார். நிலத்தைப் பண்படுத்தி விளைவிப்பதும் பிறர் பசியை ஆற்றுவதும் ஒரே சொல்லுள் அடங்கியிருப்பது சிந்திக்கத்தக்கது. விளைவிப்பவன் தனக்காக மட்டும் விளைவிப்பதில்லை என்பதே முன்னோர் கொண்ட கருத்தாகும்.

அந்த இரு பொருளையும் வெவ்வேறாகப் பிரித்துவிடும் வழக்கம் ஒன்று இன்று குடாநாட்டுத் தோட்டங்கள் பலவற்றிற் காணப்படுகின்றது. வீட்டுக்கு ஒரு பாத்தி, சந்தைக்கு ஒரு பாத்தி என்பதே அவ்வழக்கம். சந்தைக்கான பாத்திக்கு வாரந்தோறும் மருந்து அடிக்கப்படும். வேலிக்கரையில் நிற்கும் நாலு கத்தரிச் செடிக்கும் கிணற்றடி வல்லாரைக்கும் மருந்து அடிப்பதில்லை; அவை வீட்டுக்கு உரியவை. "தம்பி, அந்தப் பாத்தியிலை பிடுங்காதை, அது சந்தைக்கு. வேலிக்கரைச் செடியிலை பிடுங்கிக்கொண்டு வா" என்று தாய் மகனுக்குச் சொல்லும் சொல், சுன்னாகத்திலும் அயற்கிராமங்களிலும் பலர் காதிற் பட்டதொன்றே. எல்லாத் தோட்டக்காரரும் அவ்வாறு செய்கின்றனர் என்பதல்ல. ஆயினும் அந்த ஒரு வாக்கியத்துள் ஓர் அறக்கேள்வி அடங்கியுள்ளது. தன் பிள்ளைக்குக் கொடுக்க மனம் வராத பொருளைப் பிறர் பிள்ளைக்கு விற்பது அறமாகுமா?

தோட்டத்து வாழ்வின் ஒழுங்கு

சுன்னாகத்தின் செம்பாட்டு மண் உழைப்பவரைக் கைவிடாத மண். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். இங்குள்ள குடும்பங்களிற் பெரும்பாலானவை நாலு பரப்பு, எட்டுப் பரப்பு என்ற அளவிலேயே தோட்டம் செய்து பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியவை. வாழை, வெங்காயம், மிளகாய், மரவள்ளி, புகையிலை, கத்தரி, பயிற்றை என்று பயிர் மாறி மாறி வரும். சுன்னாகம் சந்தை குடாநாடெங்கும் பெயர் பெற்றமைக்கும் இந்தச் சிறு தோட்டங்களின் விளைச்சலே காரணமாகும்.

நீர் இறைக்கும் இயந்திரம் வருவதற்கு முன்னர் விடியற்காலையிலேயே துலா ஏறிவிடும். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்ற, இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் கட்டுவார். பங்குக் கிணறாயின் யாருக்கு எந்த நாள் என்ற முறை உண்டு. அம்முறையைத் தவறவிடாமை ஊரின் எழுதாத சட்டம். மாட்டுக் கொட்டிலின் சாணியும் அடுப்புச் சாம்பலும் எருக்கும்பிக்குப் போகும். பூவரசங்குழையும் வேப்பங்குழையும் பனையோலையும் மண்ணிலே தாழ்க்கப்படும். அறுவடை முடிந்த தறையில் ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி அடைப்பர். வீட்டிலிருந்து கழிந்தது தோட்டத்துக்கும், தோட்டத்தில் விளைந்தது வீட்டுக்குமாக ஒரு சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுப் பெண்களின் உழைப்பு இவ்வொழுங்கின் மறுபாதியாகும். பங்குனி, சித்திரை வெயிலிலே வேப்பம்பூ வடகமும் மோர்மிளகாயும் பாயிற் காயும். பனம்பழக் காலத்திலே களி பிசைந்து, பாயிலே பரவி, காயக் காய மேலும் மேலும் ஊற்றிப் பனாட்டு எடுப்பர். எஞ்சிய பனங்கொட்டைகள் பாத்திக்குப் போகும். தை, மாசியிலே கிழங்கு கிண்டி, பச்சையாய்க் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல்மாவிலே பிட்டும் கூழும் ஆகும். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றைப் பக்குவமாய் வறுத்து உரலில் இடித்த தூளின் வாசம் ஒழுங்கையின் தலைப்பு வரை வரும். எள் செக்குக்குப் போய் நல்லெண்ணெயாகவும் பிண்ணாக்காகவும் திரும்பும். எண்ணெய் மனிதருக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு. தேசிக்காய் ஊறுகாய், நெய், தயிர், எள்ளுருண்டை என்று பட்டியல் நீளும்.

ஒரே பானை

இப்பொருள்களைச் செய்த முறையிலே கவனிக்கத்தக்க ஓர் உண்மை உண்டு. மிளகாய்த்தூள் இடிக்கும்போது அது யாருக்குப் போகும் என்று இடித்த கை அறியாது. இடித்து முடித்த பின்னரே பங்கு பிரியும். வீட்டுக்கு ஒரு போத்தல், கலியாணம் முடித்துப் போன மகளுக்கு ஒரு போத்தல், அயல் வீட்டுக்குக் கொஞ்சம், கொழும்பில் வேலை பார்க்கும் மகனுக்கு ஒரு பொட்டலம், மிஞ்சியது விற்பனைக்கு. வாழைக்குலையும் அவ்வாறே. முதற்குலை கோயிலுக்கு, அடுத்தது வீட்டுக்கு, மற்றவை சந்தைக்கு. எல்லாம் ஒரே தோட்டம், ஒரே நீர், ஒரே எரு. உலை வைக்கும்போது தாய் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் இட்டு வைப்பாள். அந்தப் பிடியரிசி கோயிலுக்கோ ஏழைக்கோ போகும். அந்த அரிசியும் வீட்டார் உண்ணும் அதே அரிசியே.

யாருக்கு எவ்வளவு என்ற வேறுபாடு அன்றும் இருந்தது. மகளுக்குப் பெரிய போத்தல், சந்தைக்கு மிஞ்சியது என்பதில் எவரும் குறை காணவில்லை. ஆனால் யாருக்கு எத்தகையது என்ற வேறுபாடு இருக்கவில்லை. பங்கு பிரித்தல் செய்து முடித்த பின்னர் நடந்தது. இன்றோ அது விதைக்கும்போதே நடந்துவிடுகின்றது. இவ்வளவுதான் மாற்றம், ஆயினும் அறத்தின் வேரைத் தொடும் மாற்றம் இதுவே.

இன்றும் வீட்டுச் செய்கைப் பொருள்களுக்குத் தனி மதிப்பு உண்டு. கனடாவுக்கும் இலண்டனுக்கும் திரும்புவோர் பெட்டியிலே முதலில் அடுக்கப்படுவது ஊர்த்தூளும் ஒடியலும் பனாட்டுமே. கடையிலே "வீட்டில் செய்தது" என்று கேட்டு வாங்குவோர் மிளகாயின் உறைப்பை மட்டும் வாங்கவில்லை. தன் பிள்ளைக்குச் செய்வதுபோற் செய்திருப்பார்கள் என்ற நம்பிக்கையையும் சேர்த்து வாங்குகின்றனர். ஆகவே, அப்பெயரிலே தரம் குறைந்ததை விற்பவர் பொருளோடு வீடு என்ற சொல்லையும் கெடுத்து விற்கின்றார்.

இரண்டு பாத்தி வந்த வழி

தோட்டக்காரரைக் குற்றவாளியாக்கிப் பேசுவது எளிது. அவர் வந்த வழியையும் பார்த்தல் வேண்டும். இயந்திர இறைப்பும் யூரியாவும் பூச்சிநாசினியும் பரவியபோது அவை வரமாகவே தோன்றின. 1970 முதல் 1977 வரையான காலத்திலே மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் குடாநாட்டு விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. கல்வீடுகள் பல எழுந்தது அக்காலத்திலேயே. 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் வந்து இறக்குமதி பெருக, விலை விழுந்தது. நிலமோ கூடவில்லை. அதே நாலு பரப்பிலிருந்து கூடுதலாக எடுக்கவேண்டிய நிலை உருவாயிற்று.

1990 இன் பின்னர் போரும் பொருளாதாரத் தடையும் வந்தன. எரிபொருளும் உரமும் கிடைக்கவில்லை. மக்கள் மீண்டும் குழையையும் எருவையும் நாடினர். பனங்களியிற் கூடத் துணி தோய்த்தனர். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. 1996 இல் திரும்பியோர் பற்றை மூடிய தோட்டங்களையே கண்டனர். 2009 இல் போர் முடிந்து பாதை திறந்தபோது மருந்தும் உரமும் தாராளமாக வந்தன. தெற்கிலிருந்து மரக்கறியும் வந்தது. குடாநாட்டுச் சந்தைகளிலே நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை எதிர்த்துத் தோட்டக்காரர் குரல் எழுப்பவேண்டியும் இருந்தது. கடன், கழிவு, போட்டி இவற்றின் நடுவே நிற்பவர், பூச்சி விழுந்த ஒரு கிழமையில் முதல் முழுவதையும் இழந்துவிடுவார். அந்தப் பயமே மருந்துத் தாங்கியை அவர் முதுகில் ஏற்றியது.

2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயன உரம், பூச்சிநாசினி இறக்குமதியைத் தடை செய்தது. ஆயத்தம் எதுவுமின்றி வந்த அத்தடையால் விளைச்சல் வீழ்ந்தது, தோட்டக்காரர் தவித்தனர், அதே ஆண்டு நவம்பரில் அரசாங்கம் அக்கொள்கையைக் கைவிட்டது. ஒரே இரவில் மேலிருந்து இடப்படும் கட்டளையால் அறம் விளையாது என்பதற்கு அது பாடமாயிற்று. ஆனால் கட்டளை தோற்றதனாற் கேள்வி தோற்றுவிடவில்லை. வேலிக்கரைப் பாத்தி இன்னும் தனியாகவே நிற்கின்றது.

நியாயங்களும் அவற்றின் எல்லையும்

இவ்வழக்கத்துக்குச் சொல்லப்படும் நியாயங்கள் மூன்று. முதலாவது, தன் பிள்ளையைத் தாய் கூடுதலாகப் பேணுவது இயற்கை என்பது. அது உண்மையே. எல்லோரையும் ஒரே அளவில் நேசிக்க மனிதரால் இயலாது. அறநூல்களும் அதனைக் கேட்கவில்லை. ஆனால் தன் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வேறு. பிறர் பிள்ளைக்குத் தீங்கென்று தான் எண்ணுவதைக் கொடுப்பது வேறு. முன்னது அன்பின் மிகுதி. பின்னதற்கு அன்பைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

இரண்டாவது, அரசாங்கம் அனுமதித்த மருந்தையே அடிக்கின்றோம் என்பது. இலங்கையிலே பூச்சிநாசினிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டமாகும். அனுமதி பெற்ற மருந்தின் சிட்டையிலே எவ்வளவு கலக்கவேண்டும், அடித்து எத்தனை நாளின் பின் அறுவடை செய்யவேண்டும் என்பன அச்சிடப்பட்டுள்ளன. அந்த நாட்கள், மருந்தின் வீரியம் தணிவதற்கானவை. அளவறிந்து அடித்து, நாள் கழித்துப் பிடுங்குபவர் மீது குறை சொல்ல இடமில்லை. அவர் வேலிக்கரைச் செடியைத் தனியாக வைக்கவேண்டிய தேவையும் இல்லை. நாளைக்கு விலை விழுந்துவிடும் என்று இன்று மாலை அடித்து மறுநாட் காலை பிடுங்குபவரே, தான் அதனை உண்ணத் தயங்குகின்றார். அவர் தவறுவது மருந்து வாங்கிய கடையிலன்று. காத்திருக்க மறுத்த அந்த நாட்களிலேதான். சட்டம் அவரைக் காணாமற் போகலாம். அவருடைய தயக்கம் அவரைக் கண்டுவிட்டது. அறியாமற் செய்தவருக்கு அறியாமை ஒரு மறைப்பு. வேறு பாத்தி வைத்தவருக்கோ அந்தப் பாத்தியே அவர் அறிந்திருந்தார் என்பதற்குச் சாட்சி.

மூன்றாவது, வாங்குபவர்களே அப்படிக் கேட்கின்றார்கள் என்பது. இதிலும் உண்மை உண்டு. புழுக் குத்திய கத்தரிக்காயைச் சந்தையிலே புரட்டிப் பார்த்துவிட்டு எறிபவர், மினுங்கும் காய்க்கே விலை கொடுப்பவர், பின்னர் "இப்போது எல்லாம் நஞ்சு" என்று சலித்துக்கொள்வதில் நியாயமில்லை. தோட்டக்காரரின் பாவத்தில் அவருக்கும் பங்கு உண்டு. ஆயினும் பங்குக்காரர் ஒருவர் இருப்பதால் ஒருவருடைய கடன் அழிந்துவிடுவதில்லை.

நாயன்மார் காட்டிய அளவு

பெரியபுராணத்திலே சேக்கிழார் பெருமான் வேளாளர் குலத்து அடியார் இருவரின் வரலாற்றைப் பாடியுள்ளார். கணமங்கலத்துத் தாயனார் நாள்தோறும் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் இறைவனுக்கு அமுது செய்விப்பவர். வறுமை வந்து கூலிக்கு நெல் அறுக்கும் நிலை நேர்ந்தபோதும், கூலியாய்க் கிடைத்த செந்நெல்லை இறைவனுக்கு வைத்து, கார்நெல்லைத் தாம் உண்டார். கார்நெல்லும் கிடையாதபோது மனைவியார் வீட்டுக் கொல்லையிலே பறித்துச் சமைத்த இலைக்கறியை உண்டார். அவரே அரிவாட்டாய நாயனார். அவர் இல்லத்திலும் வீட்டுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று என்ற பிரிவு இருந்தது. ஆனால் உயர்ந்தது வெளிக்கும் தாழ்ந்தது வீட்டுக்குமாக இருந்தது.

இளையான்குடி மாறனாரோ, மழை பெய்யும் நள்ளிரவில் வந்த அடியாருக்கு உணவிட வழியின்றி, அன்று விதைத்த முளைநெல்லையே வயலில் வாரி எடுத்து வந்தார். கொல்லையிலே நின்ற கீரையை மனைவியார் கறியாக்கினார். தமக்கென இருந்த கடைசிப் பொருள் முகமறியாத ஒருவருக்குப் போயிற்று.

இத்தகைய தியாகம் எல்லோருக்கும் இயல்வதன்று. முளைநெல்லை வாரும்படி எந்தத் தோட்டக்காரரையும் யாரும் கேட்கவில்லை. நாயன்மார் சென்ற தூரம் செல்ல இயலாவிடினும், அவர்கள் சென்ற திசைக்கு நேர் எதிராகச் செல்லாதிருத்தல் யாவர்க்கும் இயலும். உயர்ந்ததைப் பிறர்க்குக் கொடுக்காவிடினும், ஒரே தன்மையானதைக் கொடுத்தல் போதுமானது. அடியவர்க்குக் கொடுப்பது ஆண்டவனைச் சேரும் என்பது திருமூலர் காட்டிய வழி. சந்தையிலே வாங்கிய கத்தரிக்காய் யார் வீட்டுக்குப் போகின்றது என்பதைத் தோட்டக்காரர் அறியார். அது கோயில் மடைப்பள்ளிக்கும் வரலாம். அன்னதானப் பந்தியிலும் ஏறலாம். அவருடைய பேரப்பிள்ளை படிக்கும் பாடசாலையின் மதிய உணவிலும் சேரலாம்.

வேலியில்லாத நீர்

பாத்தியை இரண்டாக்கலாம். கிணற்றை இரண்டாக்க முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைநீர், சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அவ்வாறு தங்கும் நன்னீர்ப் படுகைகளுள் முதன்மையானது சுன்னாகத்தின் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. சுண்ணக்கல் நீரை எளிதில் உள்ளே விடுவது. நீரோடு வருவதையும் அவ்வாறே விடுவது. ஒரு தறையில் அளவுக்கு மீறி இட்ட யூரியா, மழையோடு இறங்கி அடுத்த வளவுக் கிணற்றில் நைத்திரேற்றாக ஏறுகின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குடாநாட்டின் பல கிணறுகளில் இவ்வளவு மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. போத்தற் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கே அதனால் முதல் ஆபத்து. வேலிக்கரைக் கத்தரிக்கு மருந்து அடியாது பேணிய தாய், அதே கிணற்று நீரிலேதான் பாலைக் கரைக்கின்றாள்.

கிணற்று நீரின் அருமையைச் சுன்னாகம் பட்டறிந்த ஊர். மின் நிலையச் சூழலிலிருந்து கழிவு எண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்ததால், சுன்னாகத்திலும் அயலிலும் உள்ள கிணறுகள் பாவனைக்கு உதவாமற் போயின. பிறந்தது முதல் குடித்த கிணற்றை மூடிவிட்டு, பவுசர் தண்ணீருக்கு வாளியோடு மக்கள் காத்து நின்றனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற நெறியின்படி, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு மின் உற்பத்தி நிறுவனம் ஒன்றுக்கு 2019 ஏப்ரல் 4 இல் தீர்ப்பளிக்கப்பட்டது.

அன்று ஊர் கேட்டது ஒரு நியாயம். உன் நிலத்தில் நீ செய்வது என் கிணற்றைக் கெடுக்கலாகாது. உன் இலாபத்துக்காக என் பிள்ளை நோயுறலாகாது என்பதே அந்நியாயம். ஒரு நிறுவனத்திடம் கேட்ட அதே நியாயம் ஒவ்வொரு தோட்டத்தின் வேலிக்குள்ளும் பொருந்தும். பெரியவர் செய்தாற் குற்றம், சிறியவர் செய்தாற் பிழைப்பு என்று அறத்தைப் பிரிக்க இயலாது. சேதத்தின் அளவு வேறுபடலாம், கேள்வி ஒன்றே.

செய்யக்கூடியவை

இதற்குப் பரிகாரம் பெரிய தியாகமன்று. மருந்து அடித்த நாளைக் கலண்டரிலே குறித்து, சிட்டையிற் சொன்ன நாள் கழியுமுன் பிடுங்காதிருத்தல் முதலாவது. விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு அளவோடு உரமிடலும், குழையும் எருவும் தாழ்த்தலை மீளப் பழகலும் அடுத்தவை. தன் அடுப்பில் ஏற்றத் தயங்கும் காயைத் தராசில் ஏற்றாமை இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையாகும். அன்றாடம் மாலையில் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளக்கூடிய ஒரு சிறு சோதனை அது.

வாங்குவோர்க்கும் கடமை உண்டு. ஒரு புழுத்துளை உள்ள காயை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைக் கறியாக்கப் பழகல் வேண்டும். நேர்மையாய்க் காத்திருந்து பிடுங்கியவருக்கு ஐந்து ரூபா கூடக் கொடுக்கத் தயங்கலாகாது. காத்திருந்ததால் வந்த நட்டத்தைத் தோட்டக்காரர் ஒருவரே சுமக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அறமன்று.

கோயில்களுக்கும் இதிற் பங்கு உண்டு. மகோற்சவ காலத்திலே அன்னதானத்துக்கு வாங்கப்படும் மரக்கறியும் வாழைக்குலையும் கொஞ்சமல்ல. இவ்வொழுங்கைக் கடைப்பிடிக்கும் ஊர்த் தோட்டக்காரரிடமே, கழிவு வெட்டாமல், நியாய விலைக்கு அவற்றை வாங்குவதென ஆலயங்கள் தீர்மானித்தால், அது நூறு பிரசங்கத்துக்குச் சமமாகும். வீட்டுச் செய்கை ஒடியலும் தூளும் வடகமும் திருவிழாக் கடைகளிலே இடம்பெற வழி செய்தல், உழைக்கும் பெண்களுக்குக் கைகொடுப்பதாகவும் அமையும். முதற்குலையைக் கோயிலுக்குக் கொடுக்கும் மரபு இன்னும் அழியவில்லை. இறைவனுக்கு வைப்பதை மருந்து மணக்க வைக்க எவர் மனமும் ஒப்பாது. அந்த மனம், அடுத்த குலையை வாங்கப்போகும் முகமறியாத மனிதர் வரை நீண்டால் வேளாண்மை என்ற சொல்லின் இரு பொருளும் மீண்டும் ஒன்று சேரும்.

வேலிக்கரைப் பாத்திக்கும் சந்தைப் பாத்திக்கும் இடையிலுள்ள வரம்பு நிலத்திலே சில அடி அகலமே. அதனை மண்வெட்டியால் வெட்டிவிட முடியாது. மனத்தாலேயே அகற்றல் வேண்டும். தோட்டம் செழிக்கவும், கிணறுகள் தெளியவும், உழைப்போர் கையிற் கிடைக்கும் விலை நிறைவாகவும், உண்போர் நோயின்றி வாழவும் எல்லாம் வல்ல இறைவன் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.